எச்சில் கிட் வாங்குவதற்கு முன்

உங்களுக்கு 38 வயது, ஆனால் உடம்புக்கு 44 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் யாருக்குமே தூக்கம் போய்விடும். அதனால் உடம்பின் வயதைச் சொல்லும் இந்த டெஸ்டுக்கு எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பும் முன், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

'க' மேல் புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், உள்ளிருந்த உயிரொலி மட்டும் அடங்கிவிடுகிறது. டிஎன்ஏவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: எழுத்து மாறாது, ஆனால் சில இடங்களில் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் அந்த மரபணுவை அடக்கி வைக்கும். வயது ஏற ஏற இந்தப் புள்ளிகள் சில இடங்களில் கூடும், சில இடங்களில் உதிரும். இப்படி 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் வெளியிட்டார். இத்தகைய முறைகளைக் 'கடிகாரம்' என்பார்கள், அதன் பிறகு வந்தவை நிறைய.

சரி, என்ன செய்வது? முதலில் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். 2018இல் வந்த ஃபீனோஏஜ் கடிகாரத்துக்கு அடித்தளமே சாதாரண ரத்தப் பரிசோதனையின் ஒன்பது அளவுகளும் உங்கள் வயதும்தான். சர்க்கரை, கிரியேட்டினின், ஆல்புமின், உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, வெள்ளை அணுக்கள் எல்லாம் அதில் உண்டு. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள், சிஆர்பி ஏறிப் பயமுறுத்தும்.

புகைப்பவர் என்றால் மற்ற எதையும் படிக்க வேண்டாம், முதலில் அதை விடுங்கள். ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவில் புகையின் தடம் அவ்வளவு தெளிவாக இருக்கும். விட்டபின் அது பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்பும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் நடந்த கேலரி என்ற ஆய்வில் உடல் பருமன் இல்லாத 220 பேரில் ஒரு பிரிவினரிடம் இரண்டு ஆண்டுகள் 25% கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள், அவர்களால் முடிந்தது சுமார் 12%. அதாவது நாலு தோசையில் அரை தோசை! முதுமையின் வேகத்தை அளக்கும் ஒரு கடிகாரம் 2 முதல் 3% மெதுவானது, மற்ற கடிகாரங்கள் அசையவே இல்லை. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ஒமேகா-3யும் அப்படித்தான், 70 வயதைத் தாண்டியவர்கள் மூன்று ஆண்டு தினமும் ஒரு கிராம் எடுத்தும் கடிகார வயதில் கிடைத்தது மூன்று நான்கு மாத லாபம். நடையும் தூக்கமும் உங்களுக்கே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டுமென்றால், அறுவை சிகிச்சை, கடுமையான நோய், கர்ப்ப காலம் இவற்றில் வேண்டாம். அப்போது எண் ஏறி, தேறியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். பழைய கடிகாரங்களில் ஒரே சாம்பிளை இரண்டு முறை அளந்தால்கூட 9 வயது வரை வித்தியாசம் வந்திருக்கிறது. ஆகவே அடுத்த முறையும் அதே லேப், அதே கடிகாரம். எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள், பெயரைச் சொல்லாமல் மழுப்பினால் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.