டெக்சஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: துப்பாக்கி புழங்கும் ஊரில் கவனமாக இருப்பது

டெக்சஸில் வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது வாடகை வீடு, கார், சோஷியல் செக்யூரிட்டி எண், இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் முதல் வாரமே அதைப் பேசிவிடுவேன். 2021 செப்டம்பர் 1 முதல் இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர், சட்டப்படி தடை இல்லாதவர் என்றால், லைசென்ஸ் எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு நடமாடலாம். மளிகைக் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் தாத்தாவிடம் ஒன்று இருக்கலாம். பார்த்தால் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஆனாலும் யாரிடம் இருக்கிறது என்று தெரியாத ஊரில் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம்

எச்1பி, எச்4, எஃப்1, எல்1, பெற்றோர் வரும் பி2 என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் வசம் இருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். டெக்சஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் உதவாது. அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள், நண்பரின் நண்பரிடம் அல்ல.

"வாங்கினால்தானே தப்பு? லாங் வீக்கெண்டில் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம். புளோரிடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் வந்த ஒருவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு விசா நிலையும் போயிற்று. பிறகு ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அவ்வளவுதான், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே சொன்னது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர அவர் பட்டதை எண்ணிப் பாருங்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் காரணமாகும். கையில் துப்பாக்கியோடு இன்ஸ்டாகிராமில் போடும் படம் உங்களுக்கு எதிராக நீங்களே கொடுக்கும் சாட்சி.

அறைத்தோழர் குடிமகனாக இருந்து, அவரிடம் துப்பாக்கி இருந்தால்? அது அவருடைய பெட்டியில் பூட்டி இருக்கட்டும். பெட்டியின் சாவியோ ரகசிய எண்ணோ உங்களுக்குத் தெரியவே வேண்டாம்.

தவறான கதவு

நம் ஊரில் வழி தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம். இங்கே இருட்டிய பிறகு அது வேண்டாம். 1992 அக்டோபரில், பக்கத்து மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜில், 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி "ஃப்ரீஸ்" என்று கத்தினார். மாணவர் நிற்காமல் அவரை நோக்கி நடந்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டுக்காரருக்குக் குற்றவியல் வழக்கில் விடுதலை கிடைத்தது. ஆகவே இதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பெற்றோருக்கு, சொல்லி வையுங்கள்: "ஃப்ரீஸ்" என்றாலும் "டோன்ட் மூவ்" என்றாலும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும், கைகள் தெரியும்படி. விளக்கம் சொல்ல ஓர் அடிகூட முன்னால் வைக்கக் கூடாது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில், ஒரே வாரத்துக்குள், கேன்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்து வரப்போய் முகவரி மாறி மணியடித்த 16 வயதுப் பையன் சுடப்பட்டான். நியூயார்க் மாநிலத்தில் தவறான வீட்டு வாசலுக்குள் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் கொல்லப்பட்டார். இங்கே ஆஸ்டினுக்குப் பக்கத்தில் எல்கினில், கடை பார்க்கிங் லாட்டில் தன் கார் என்று நினைத்து வேறு காரின் கதவைத் திறந்த இளம்பெண்ணையும் அவர் தோழியையும் ஒருவர் சுட்டார். வெள்ளை டொயோட்டா கேம்ரி எத்தனை நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊபர் என்றாலும் நண்பர் கார் என்றாலும் நம்பர் பிளேட்டைப் பார்த்த பிறகே கதவில் கை வையுங்கள்.

அம்மா அப்பா வந்திருந்தால் காலை நடையின்போது அடுத்தவர் புல்வெளியைக் குறுக்கே கடப்பது, பூஜைக்கு வேலி ஓரத்துச் செம்பருத்தியைப் பறிப்பது இரண்டையும் அன்போடு தடுத்துவிடுங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு அவர்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சாலையிலும் வேலையிலும்

சென்னையில் ஹாரன் என்பது "நான் வருகிறேன்" என்ற தகவல். இங்கே அழுத்தி அடித்தால் திட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் உங்களைக் குறுக்கே வெட்டிப் போனால் போகட்டும். பின்தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். 911-ஐ அழைத்துக்கொண்டே காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ ஓட்டுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் நம் ஊர் மாதிரி இறங்கி அவரிடம் நடந்து போகக் கூடாது. ஓரம் கட்டுங்கள், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். அவர் வருவதற்கு முன்பே கிளவ் பாக்ஸில் இன்சூரன்ஸ் தேடிக் குனிய வேண்டாம். அதிகாரிக்குத் தெரிவதெல்லாம் ஒருவர் எதையோ எடுக்கக் குனிகிறார் என்பது மட்டும்தான்.

மோட்டலிலோ கேஸ் ஸ்டேஷன் கடையிலோ நிற்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: துப்பாக்கியைக் காட்டிக் கேட்டால் கல்லாவில் இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். துரத்தாதீர்கள். போன பணத்துக்கு முதலாளி திட்டினாலும் பரவாயில்லை.

சட்டப்படி எடுத்துச் செல்பவர்களுக்கு

கிரீன் கார்டு வந்த பிறகு, அல்லது குடியுரிமை பெற்ற பிறகு, நம்மவர்களில் சிலர் துப்பாக்கி வாங்குகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2011 முதல் 2014 வரை டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் ஒரு கும்பல் இந்திய, ஆசியக் குடும்பங்களாகப் பார்த்து, தங்கத்துக்காக ஆயுதங்களோடு வீடு புகுந்தது. பயம் நியாயமானதுதான். என் கருத்து, துப்பாக்கி வாங்குவதற்கு முன் நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றுவது அதைவிட நல்ல பாதுகாப்பு. அதற்கப்புறமும் எடுத்துச் செல்வதென்று முடிவு செய்தால், கீழே உள்ளதை நிதானமாகப் படியுங்கள்.

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் எடுங்கள். எல்டிசி (லைசென்ஸ் டு கேரி) என்பார்கள், கட்டணம் 40 டாலர். நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பும், 50 தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வும் உண்டு. பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு. நம் குடியிருப்புகளில் பள்ளி இல்லாத தெருவே அரிது.

பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். கடை வாசலில் ஓர் அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் 30.06 என்று (இது டெக்சஸ் சட்டப் பிரிவின் எண்) எழுதியிருந்தால் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. சிவப்பில் பெரிதாக 51% என்று போட்டிருந்தால் அது மது விற்பனையே பிரதான வருமானமாக உள்ள இடம். அங்கே துப்பாக்கியோடு நுழைவது பெருங்குற்றம். நீதிமன்றம், பள்ளிக் கட்டடம், வாக்குச்சாவடி, குடியேற்ற அலுவலகம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்கள், எங்கும் கூடாது. சந்தேகம் என்றால் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கவனம். பயிற்சியாளர்கள் நான்கு நிறம் சொல்வார்கள். வெள்ளை என்றால் சுற்றுப்புறமே தெரியாமல் போனில் மூழ்கியிருப்பது. மஞ்சள், பதற்றமில்லாத கவனம்: யார் வருகிறார், வாசல் எங்கே என்று தெரிந்திருப்பது. ஆரஞ்சு, குறிப்பிட்ட ஒரு ஆள் மேல் கண் வைப்பது. சிவப்பு, செயல்பட வேண்டிய நேரம். இடுப்பில் துப்பாக்கி இருப்பவர் வீட்டுக்கு வெளியே எப்போதும் மஞ்சளில் இருக்க வேண்டும். பலருக்கும் நேர்மாறாக நடக்கிறது. "அதுதான் இருக்கிறதே" என்று பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். 1983-ல் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கைச் சொன்னார்: கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார். சட்டையைத் தூக்கி, பிடித்து, உருவிக் குறிவைக்க உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று பயிற்சியில் பாருங்கள். தூரத்திலேயே பார்த்து விலகியவருக்கு அந்த ஒன்றரை வினாடியே தேவைப்படாது.

பெட்ரோல் போடும்போது எல்லாக் கதவும் பூட்டியிருக்கட்டும், போன் பையில் இருக்கட்டும், முதுகு காரின் பக்கம், முகம் வெளியே. யாராவது பேசிக்கொண்டே நெருங்கினால் உள்ளங்கையைக் காட்டி, கண்ணியமாக, உரக்க, "சாரி, நோ" என்று சொல்லி நகருங்கள். வாக்குவாதம் வேண்டாம். துப்பாக்கி வைத்திருப்பவர் தோற்றுப் போய் வீடு திரும்பத் தயாராக இருக்க வேண்டும், கெட்ட வார்த்தை கேட்டாலும் சரி, பார்க்கிங் இடம் போனாலும் சரி. இதற்கு மனம் ஒப்பாதவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். விசையை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்), உடம்போடு. கைப்பையில் வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோவில், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துச் செய்த பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டு, கடைக்குள்ளேயே தாய் இறந்தார். பொதுக் கழிப்பறையில் கழற்றி மேலே வைக்காதீர்கள், மறந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். ஹோல்ஸ்டரோடு, இறக்கிய பேன்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும். விழாவுக்கு வேட்டி கட்டுகிறீர்களா, அன்று அது வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும். பெல்ட் இல்லாமல் ஹோல்ஸ்டர் நிற்காது. பிள்ளைகள் மடியில் ஏறி விளையாடும் பிறந்தநாள் வீட்டுக்கும் அப்படியே. குடிக்கும் உத்தேசம் இருந்தாலும் அப்படியே: போதையில், வெளியிடத்தில் எடுத்துச் செல்வது குற்றம்.

போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கை ஸ்டியரிங்கில் இருக்கும்போதே வாயால் சொல்லுங்கள்: என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, வலது இடுப்பில், நான் என்ன செய்ய வேண்டும்? அவர் சொல்லும்வரை கை நகரக் கூடாது. 2016-ல் மினசோட்டாவில் லைசென்ஸ் உள்ள ஒருவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொல்லியும் சில வினாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மேல் தப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. நம் நிறத்துக்கும் நம் ஆங்கில உச்சரிப்புக்கும் கூடுதல் நிதானம் தேவை என்றுதான் சொல்கிறேன்.

எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், உங்களிடமும் ஒன்று இருந்தாலும், முதல் வேலை குடும்பத்தோடு வெளியேறுவது. ஓடு, ஒளி, வேறு வழியே இல்லையென்றால் போராடு. ஹூஸ்டன் நகராட்சி 2012-ல் சொல்லிக்கொடுத்த வரிசை இது. 2023 மே மாதம் டாலஸுக்கு வடக்கே ஆலன் கடைவளாகத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் இளம் தெலுங்குப் பொறியாளர். நாம் வாரக்கடைசியில் போகும் இடம்தான் அது. 2021-ல் கொலராடோவின் அர்வாடாவில் தன் கைத்துப்பாக்கியால் கொலையாளியை வீழ்த்தியவர், அவனுடைய துப்பாக்கியைக் கையில் எடுத்து நின்றபோது, வந்த போலீஸ்காரர் அவரையே கொலையாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். போலீஸ் வரும்போது கை காலியாக, உயரே இருக்க வேண்டும்.

வீட்டில்

அமெரிக்கத் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வேலை போய், விசா கெடு நெருங்கி, மனம் நொந்து இருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் துப்பாக்கியை அந்தக் காலத்துக்கு வெளியேற்றிவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயணம்

டெக்சஸ் லைசென்ஸ் நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் செல்லாது. எடிசனில் அக்கா வீட்டுக்குக் காரில் போகிறீர்கள் என்றால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ரேஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதே பையில் சென்னைக்குத் துணி அடுக்காதீர்கள். ஓரத் தையலில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாகூட அங்கே ஆயுதச் சட்டப்படி கைது வரை கொண்டுபோகும். பழைய பைதான் இருக்கிறது என்றால், எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக உதறி, லைனிங்கைக் கையால் தடவிப் பார்த்த பிறகு பேக் பண்ணுங்கள்.