வேத வாசிப்பும் ஜெபமும் பாதியில் நின்றுபோகாமல் இருக்க

வேதம் முழுவதையும் ஒரு வருடத்தில் வாசிக்க ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வருவார்கள். பலர் நின்றுபோவதும் அங்கேதான். யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்திலிருந்தே ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த கூடாரத்தின்) அளவுகள், அதன்பின் பலி முறைமைகள். நாளுக்கு மூன்று அதிகாரம் என்றால், நான்கு நாள் விட்டுப்போனால் 12 அதிகாரம் பாக்கி. அந்தப் பாக்கியை நினைத்தாலே வேதத்தைத் திறக்க மனம் வராது. விசுவாசம் குறைந்துவிட்டதென்று வருந்துகிறோம். உண்மையில் கணக்குத்தான் கழுத்தை நெரிக்கிறது.

ஆகவே முதல் விதி: விட்டதை ஈடுகட்டாதீர்கள். இன்றைய தேதிக்குரிய பகுதியை வாசியுங்கள், விட்டது அடுத்த சுற்றில் வரும். வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வைத்தால் ஒரு வருடத்தில் முடியும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது அதிகம். மாற்குவில் 16, பிலிப்பியரில் 4, யாக்கோபில் 5 என நாளுக்கு ஓர் அதிகாரமாக 25 நாள் போதும். பழக்கம் ஊன்றியபின் கூட்டிக்கொள்ளலாம்.

வாசித்ததை ஜெபமாக்கத் தெரியாததால்தான் ஜெபம் இரண்டு நிமிடத்தில் வறண்டுபோகிறது. சங்கீதம் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, உங்களுடைய "எதுவரைக்கும்" எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: வேலையா, வியாதியா, பிள்ளையா? 3, 4 வசனங்கள் விண்ணப்பம். ஐந்தாம் வசனம் நம்பிக்கைக்கும் களிப்புக்கும் திரும்புகிறது. அந்த இடத்துக்கு உங்கள் மனம் இன்னும் வரவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். வராத சந்தோஷத்தை வரவழைக்க வேண்டியதில்லை. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

பாவத்தில் விழுந்த நாளில் ஜெபத்தைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. "கொஞ்சம் ஒழுங்கானபின் வருகிறேன்" என்ற எண்ணம் ஒரு நாளை ஒரு வாரமாக்கிவிடும். அன்றைக்கே அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9). "என் குறைகளை மன்னியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனம் தப்பித்துக்கொள்ளும். என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று சொல்லுங்கள். அதனால் ஒருவருக்கு நஷ்டம் என்றால், அவரிடமும் போக வேண்டும்.

ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். ஆனால் கூட்டத்தில் ஒளிந்துகொள்வது எளிது. அதனால் வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், வாய் காக்கத் தெரிந்த ஒரு விசுவாசியோடு பேசுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் நல்லது. "இந்த வாரம் வாசித்தீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த வசனம் உங்களைத் தொந்தரவு செய்தது?" என்று கேளுங்கள்.