முட்டையிட எந்த இலை? அந்துப்பூச்சியிடமே கேட்டுப் பார்ப்போம்

தாய் அந்துப்பூச்சி முட்டைக்குக் காவல் இருப்பதில்லை. பொரிந்து வரும் புழுவுக்கோ வேறு செடி தேடிப் போகத் தெம்பு கிடையாது. அதனால் இலையைத் தேர்வதில்தான் குஞ்சின் பிழைப்பே இருக்கிறது. அந்தத் தேர்வை, சமையலறை அலுமினியத் தாளை வைத்தே பார்த்துவிடலாம்.

இதற்குத் தோதானது வைரமுதுகு அந்துப்பூச்சி. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு என்று கடுகுக் குடும்பத்துச் செடிகளைத்தான் தேடிப் போகும்.

படி 1: மருந்தடிக்காத கோஸ் இலையின் அடியில் பாருங்கள். பச்சைப் புழு, 1 செ.மீ. நீளம். தொட்டதும் துடித்துப் பின்வாங்கி நூலில் தொங்கினால் அதுதான். பத்துப் புழுவாவது வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்து வரவேண்டுமே!

படி 2: வாயில் துணி கட்டிய பெரிய பாட்டிலில் விட்டு, தினம் புது இலை போடுங்கள். வலை போன்ற வெள்ளைக் கூடு கட்டும். அந்துகள் வெளியே வந்ததும் இலைகளை எடுத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வையுங்கள்.

படி 3: கோஸ் இலையை அரைத்துச் சாறு எடுங்கள். ஒரே அளவில் மூன்று அலுமினியத் தாள் துண்டுகள்: கசக்கிச் சாறு பூசியது, கசக்காமல் சாறு பூசியது, கசக்கி வெறும் தண்ணீர் தடவியது. காய்ந்தபின், பொழுது சாயும்போது உள்ளே தொங்கவிடுங்கள். தண்ணீர்த் துண்டை முதலில் தயார் செய்யுங்கள். முதல் தடவை நான் சாறு பட்ட கையோடு அதையும் தொட்டுவிட்டேன், மூன்றிலும் முட்டை!

படி 4: காலையில் லென்ஸ் வைத்து எண்ணுங்கள். முட்டை அரை மி.மீ. கூட இருக்காது, மஞ்சளாக இருக்கும். கசக்கிச் சாறு பூசிய துண்டின் மடிப்புகளில்தான் அதிகம் கிடைக்கும்.

ஏன்? தூரத்தில் இருக்கும்போது உணர்கொம்பால் வாசனை பிடிக்கிறது. வந்து உட்கார்ந்ததும் இலையின் ருசியைக் காலாலேயே பார்க்கிறது. பிறகு நரம்போரப் பள்ளம் தேடி முட்டையைச் செருகுகிறது. கசங்கிய மடிப்பு அதற்குப் பள்ளம் மாதிரி. இதில் வேடிக்கை, அதை இழுப்பது கடுகின் காரத்துக்குக் காரணமான அதே குளுக்கோசினோலேட். பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆனால் இந்தப் புழுவின் குடலில் ஒரு நொதி இருக்கிறது. குளுக்கோசினோலேட் காரமாக மாறுமுன்பே செயலிழக்கச் செய்துவிடும். மற்ற பல பூச்சிகள் ஒதுங்கும் பந்தியில் இது உட்கார்ந்து சாப்பிடுகிறது.

முடிந்ததும் எதையும் தோட்டத்தில் விடாதீர்கள். ஒரு பெண் அந்து 150 முட்டைக்கு மேலும் இடும். பாட்டிலோடு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.