குட்டைக் குழல் கார்பைன்: பலரும் சறுக்கும் இடங்கள்

நண்பர் ஒருவர் தான் எழுதிய துப்பறியும் கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். நாயகன் அமெரிக்க ராணுவத்தின் எம்16 துப்பாக்கியின் குழலை ரம்பத்தால் சரிபாதியாக அறுத்து, கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போய், படபடவென்று சுட்டுத் தள்ளுகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்16-இன் குழல் 20 அங்குலம். சுட்டதும் வாயுவைப் பின்னால் அனுப்பி அடுத்த தோட்டாவை ஏற்ற வைக்கும் சிறு துளை, ஏறத்தாழ 13-ஆவது அங்குலத்தில் இருக்கிறது. பாதியில் அறுத்தால் அந்தத் துளையும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும், குறிபார்க்க உதவும் முன்குறியும் துண்டோடு தரையில் கிடக்கும். கையில் மிஞ்சுவது, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டிய துப்பாக்கி.

கதை எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, ராணுவ விஷயம் பேசுகிற பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குழலைக் குண்டு போகும் வெறும் பாதையாக நினைக்கிறார்கள். குட்டையானால் வேகம் குறையும், சத்தம் கூடும், அவ்வளவுதானே என்பார்கள். வேகம் குறைவது உண்மைதான். சோவியத் ரைபிளான ஏகே-74-இன் 415 மில்லிமீட்டர் குழலிலிருந்து வினாடிக்கு 900 மீட்டரில் கிளம்பும் அதே குண்டு, 206.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட அதன் குட்டை வடிவமான ஏகேஎஸ்-74யு-வில் 735 மீட்டரில்தான் கிளம்புகிறது. ஆனால் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் குழல் எஞ்சினின் ஒரு பாகம். அதில் கை வைத்தால் எஞ்சினிலேயே கை வைத்த மாதிரி.

குண்டு துளையைத் தாண்டியதும், அதன் பின்னால் வரும் வாயு துளைக்குள் புகுந்து போல்ட்டை, அதாவது தோட்டாவின் பின்பக்கத்தை மூடி நிற்கும் இரும்புத் துண்டை, பின்னால் தள்ளத் தொடங்கும். குண்டு குழல்வாயை விட்டு வெளியேறியதும் அழுத்தம் பொசுக்கென்று விழுந்துவிடும். துளையிலிருந்து குழல்வாய் வரையிலான தூரத்தைக் குண்டு கடக்கும் நேரம்தான் துப்பாக்கிக்கு வேலை நேரம். 1994-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்4 கார்பைனில் (கார்பைன் என்றால் குழல் குட்டையான ரைபிள்) குழல் 14.5 அங்குலம், துளை ஏறத்தாழ ஏழரையில். மிச்சம் 7 அங்குலம். குண்டின் வேகம் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு கிடைக்கிறது. குழலை 10.3 அங்குலமாக்கிய எம்கே18-இல் மிச்சம் மூன்று அங்குலம்கூட இல்லை. கிடைக்கும் நேரம் எம்4-இல் பாதிகூடத் தேறாது.

சரி, வாயு போதவில்லை, துளையைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்பது அடுத்த தவறு. இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. எம்கே18-இல் துளையைப் பெரிதாக்கத்தான் செய்தார்கள். ஆனால் துளை, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்கு எவ்வளவு பக்கமோ, அங்கே அழுத்தமும் அவ்வளவு அதிகம். குறைந்த நேரத்தை ஈடுகட்ட நிறைய வாயுவை உள்ளே விட்டால், போல்ட் அவசரப்பட்டுத் திறக்கப் பார்க்கும். இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு இட்லியை எடுத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். ஒரு நிமிஷம் பொறுத்தால் கரண்டி பட்டதும் முழுசாகக் கழன்றுவிடும். துப்பாக்கியிலும் இதே கதைதான். வெடித்த கணத்தில் தோட்டாவின் பித்தளை உறை உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அழுத்தம் இறங்கி அது பிடியை விடுவதற்குள், உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இழுத்தால், நழுவிவிடும், அல்லது உறையின் விளிம்பைப் பிய்த்துவிடும். உறை சேம்பரிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் எம்கே18-க்கு, போல்ட்டின் வேகத்தை மட்டுப்படுத்தும் கனமான பஃபரும் வலுவான எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கும் தேவைப்பட்டன.

இதிலிருந்தே இன்னொரு குழப்பம் வரும். வாயு குறைவாக இருந்தால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் பாதியில் திரும்பி, அடுத்த தோட்டாவைத் தொடாமல் மூடிக்கொள்ளும். வாயு அதிகமானாலோ, மேகசினின் (தோட்டாப் பெட்டியின்) ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்குவதற்குள் போல்ட் அதைத் தாண்டிப் போய்விடும். காரணம் நேர்எதிர், சுடுகிறவன் பார்ப்பது ஒன்றுதான்: காலி சேம்பர். விழுந்த உறையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ‘வாயு பத்தலை’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. விளிம்பு கீறி வளைந்திருந்தால் கதை வேறு.

குழல்வாயில் திருகியிருக்கும் உருளையை அலங்காரமாக நினைப்பதும் நிறையவே நடக்கிறது. வியட்நாம் போர்க்காலத்து எக்ஸ்எம்177-இல் குழல் வெறும் 10 அங்குலம். சத்தமும் தீப்பிழம்பும் தாங்க முடியாமல், நுனியில் நீளமான ஒரு தணிப்பானைப் பொருத்தினார்கள். அதற்குள் வாயு சற்றே தேங்கியதால் கிடைத்த பின்னழுத்தம் துப்பாக்கியின் இயக்கத்துக்கும் கைகொடுத்தது. பிறகு வந்த எக்ஸ்எம்177இ2-இல் குழல் 11.5 அங்குலமானது. ஒன்றரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் இவற்றிலும் துளை ஏழரையில்தான். அதற்கு அப்பால் இரண்டரை அங்குலமாக இருந்தது நான்காகிவிட்டது. ஏகேஎஸ்-74யு-வின் நுனியில் புனல் வாயோடு இருக்கும் குட்டை உருளையும் இந்த ஜாதிதான். வாயுவைத் தேக்கி அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. அதைக் கழற்றினால் துப்பாக்கி ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. சைலன்சர் மாட்டினாலும் இதே கணக்கு மாறும்.

வாயுவை நேராக உள்ளே விடாமல் ஒரு தண்டைத் தள்ள வைக்கும் பிஸ்டன் வைத்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் உண்டு. அப்படி அமைந்த எச்கே416 போன்ற ரைபிள்களில் கரி உள்ளே போவது குறையும். வேலை நேரம் நீளாது.

அப்புறம், எண்ணெய் போட்ட புதுத் துப்பாக்கியில், நல்ல தோட்டாவாக ஒரு மேகசின் சுட்டுவிட்டு ‘பிரமாதம்’ என்று சான்றிதழ் கொடுப்பது. குட்டைக் குழலில் தவறுக்கு இடம் கம்மி. குளிர், கரி, கொஞ்சம் பலவீனமான தோட்டா என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

நண்பரிடம் சட்டத்தையும் சொன்னேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதே குற்றம். அமெரிக்காவிலும் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிள் குழலென்றால் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கதையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். இப்போது நாயகன் கையில் ஏகேஎஸ்-74யு. கோட்டுக்குள் அடங்கவில்லை என்று, நுனியிலிருக்கும் உருளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறான்.