ஒரே சிம், 12 கணினி: அப்டேட்டை அறைக்குள்ளேயே பங்கு போடும் வழி

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தின் பின்னறையில் 12 கணினிகள் இருக்கின்றன. சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுப் பெரியவர்கள் அரசாங்க உதவிக்கு மனு நிரப்ப வருவார்கள். இணையத்துக்கு இருப்பது சிம் கார்டு போட்ட ஒரே ஒரு ரவுட்டர். நாலு பக்கமும் செம்பனை. சிக்னல் இரண்டு கோட்டைத் தாண்டுவதில்லை. மலேசிய ஊரான ஊத்தான் மெலிந்தாங் கடைவரிசையில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில், இந்த அறையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சிம்முக்கான மாதக் கட்டணம் உபயக்காரர்கள் கொடுத்த காசு. அதில் ஒரு வெள்ளிகூட வீணாகக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. இந்த மாத விண்டோஸ் அப்டேட் 700 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 12 கணினியிலும் விண்டோஸ் இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக இறக்கினால் 8 ஜிபிக்கு மேல் போய்விடும். பக்கத்து மேசையில் ஏற்கெனவே இருக்கும் அதே கோப்பை 12 தடவை வெளியிலிருந்து வரவழைப்பதில் என்ன நியாயம்?

இதற்குப் பயந்து பல இடங்களில் அப்டேட்டையே நிறுத்திவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே 12 அன்று வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு கணினிக்குள் புகுந்ததும் அது அதே நெட்வொர்க்கில் இருந்த மற்ற கணினிகளுக்குத் தானாகவே தாவியது. 12 கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கும் எங்கள் மாதிரி அறைக்கு இது நேரடி எச்சரிக்கை. ஒன்று விடுபட்டாலும் மற்றவற்றுக்கு ஆபத்து.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வசதி

விண்டோஸ் 10 வந்த 2015 முதலே டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி உள்ளே இருக்கிறது. ஒரு கணினி இறக்கிய அப்டேட்டைத் துண்டு துண்டாக மற்ற கணினிகளுக்குக் கொடுக்கும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று வரிசையாகப் போங்கள். மற்ற கணினிகளிலிருந்து இறக்க அனுமதிக்கும் பொத்தானை ஆன் செய்யுங்கள். அதன் கீழே இரண்டு தேர்வு வரும். ‘டிவைசஸ் ஆன் மை லோக்கல் நெட்வொர்க்’ என்பதை மட்டும் எடுங்கள். இன்டர்நெட்டையும் சேர்த்துச் சொல்லும் மற்றதை எடுத்தால், முகம் தெரியாத யாருக்கோ நம் சிம் வழியாக அப்டேட் போகும். வெளியே அனுப்புவதையும் கோட்டாவில் கழிக்கும் திட்டங்கள் உண்டு.

இதை எல்லாக் கணினியிலும் செய்யுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் அப்டேட் தேட ஆரம்பித்தால், யாரிடமும் கொடுக்க ஒன்றும் இருக்காது. எல்லாம் வெளியேதான் ஓடும். முதலில் ஒன்று, பிறகு மற்றவை. எல்லாமே இந்த வரிசையில்தான் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அவர்கள் ஊர்க் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது புதன் அதிகாலை ஒன்று அல்லது இரண்டு மணி. அதனால் அந்த வாரம் திங்கட்கிழமையே எல்லாக் கணினியிலும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ்’ அழுத்தி ஒரு வாரத்துக்கு நிறுத்திவிடுவோம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒன்றாம் எண் கணினியில் மட்டும் நிறுத்தத்தை எடுத்துவிட்டு, இரவு முழுக்க இறக்க விடுவோம். சனிக்கிழமை அதை ஆனில் வைத்துக்கொண்டே இரண்டாம், மூன்றாம் எண் கணினிகளை விடுவிப்போம். அவை முடிந்ததும் மிச்சம் எல்லாம். இப்போது கொடுக்க மூன்று கைகள் இருப்பதால் வேகமாக ஓடும்.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இடையில் விட்டுவிடாதீர்கள். இறக்கிய துண்டுகளைக் கணினி வழக்கமாக மூன்று நாள்தான் பகிர வைத்திருக்கும். வெள்ளி இரவு இறக்கியதை ஞாயிறுக்குள் மற்றவற்றுக்குக் கொடுத்து முடிப்பது நல்லது.

பகிர்வு நடக்கவில்லை என்றால் நான் பார்க்கும் இடங்கள் இவை. முதலில் வைஃபை இணைப்பு ‘மீட்டர்ட்’ (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? டேட்டா மிச்சம் பிடிக்கிறோம் என்று நல்லெண்ணத்தில் அதை ஆன் செய்துவிடுவார்கள். அது ஆனில் இருந்தால் பகிர்வே நடக்காது. அதை ஆஃப் செய்யுங்கள், டேட்டாவைப் ‘பாஸ்’ காப்பாற்றும். அடுத்தது ரவுட்டர். கெஸ்ட் வைஃபையில் சேர்த்திருந்தால் கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். எல்லாமே முதன்மை வைஃபையில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் அந்த மடிக்கணினி இந்தக் கூட்டத்தில் சேராது. இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஓடினாலும் அப்படித்தான். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது பிறருக்குக் கொடுக்காது, ஆகவே ஒயரைச் செருகுங்கள். 4 ஜிபிக்குக் குறைவான ராம் உள்ள பழைய பெட்டியைப் பகிர்வில் விண்டோஸ் சேர்க்காது. ஃபயர்வாலில் 7680 என்ற போர்ட்டை (கணினிகள் பேசிக்கொள்ளும் வாசல்) ஏதாவது ஆன்டிவைரஸ் அடைத்திருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள்.

நடந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. டெலிவரி ஆப்டிமைசேஷன் பக்கத்திலேயே ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது. எத்தனை விழுக்காடு மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தது, எத்தனை விழுக்காடு நம் அறைக் கணினிகளிலிருந்து வந்தது என்று அது காட்டும். நூற்றுக்கு நூறு உள்ளிருந்தே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறிய கோப்புகள் நேராக வெளியிலிருந்துதான் வரும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும் இணையம் வேண்டும். பெரிய கோப்பின் பெரும்பகுதி உள்ளேயே கிடைத்துவிட்டால் அதுவே நமக்குப் பெரிய மிச்சம்.

“தம்பி, ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்தா அது அப்டேட்டோட கலந்து எல்லாத்துக்கும் போயிடாதா?” என்று கமிட்டிச் செயலாளர் அண்ணன் கேட்டார். அவசியமான கேள்வி. துண்டு பக்கத்துக் கணினியிலிருந்து வந்தாலும், அது எப்படி இருக்க வேண்டும் என்ற கைரேகை மாதிரியான குறியீட்டைக் கணினி மைக்ரோசாஃப்டிடமிருந்தே வாங்குகிறது. துண்டு அதோடு பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறிடத்தில் கேட்கும். கொடுப்பவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். பென்டிரைவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் அறைக்கு வந்த வைரஸ்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய பென்டிரைவில் வந்தவைதான்.

மற்ற மென்பொருளுக்கு டோரண்ட்

ஆவணம் தயாரிக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் மாதிரியானவற்றின் புதிய பதிப்பு விண்டோஸ் அப்டேட்டில் வராது. அதன் நிறுவும் கோப்பு மட்டும் 300 எம்பியைத் தாண்டும். அதற்கு நாங்கள் டோரண்ட் பயன்படுத்துகிறோம். ஒரு கோப்பைப் பல கணினிகள் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்து இறக்கும் முறை அது.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மவர்களிடம் டோரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்ற நினைப்பு ஊறியிருக்கிறது. பெற்றோர் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 2001இல் அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் பிட்டோரண்ட் என்ற இந்த முறையை வெளியிட்டது பெரிய கோப்பைப் பலர் சேர்ந்து சுமப்பதற்காக. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் அப்டேட்டுகளை அதன் நிறுவனமே இந்த முறையில் அனுப்பியது. 2010இல் டுவிட்டர் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புதிய மென்பொருளை இப்படித்தான் கொண்டுசேர்த்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளங்களான உபுண்டு, லினக்ஸ் மின்ட், கூடவே லிப்ரே ஆபீஸ் எல்லாம் தங்கள் சொந்தத் தளத்திலேயே டோரண்ட் கொடுக்கின்றன. பகிர்வது யாருடைய பொருள், அவர் அனுமதித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எங்கள் அறையில் உரிமையாளர் தானே கொடுக்கும் டோரண்டைத் தவிர வேறெதுவும் ஓடாது. சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

டோரண்ட் இறக்க நாங்கள் வைத்திருக்கும் செயலி கியூபிட்டோரண்ட்; அதில் விளம்பரம் இல்லை. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். பிறகு ஆப்ஷன்ஸில் இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டும்.

பிட்டோரண்ட் பகுதியில் ‘லோக்கல் பியர் டிஸ்கவரி’ ஆனில் இருக்கட்டும். ஒரே ரவுட்டரில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது இதனால்தான். ஸ்பீட் பகுதியில் அப்லோட் வேகத்துக்கு 50 கிலோபைட் மாதிரி ஒரு சிறிய வரம்பு வையுங்கள். அங்கேயே, லோக்கல் நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் வேக வரம்பைப் போடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வெளியே சொட்டுச் சொட்டாகப் போகும்; அறைக்குள் முழு வேகத்தில் ஓடும். இந்த ஒரு டிக்கைக் கவனிக்காமல், டோரண்ட் மெதுவாக இருக்கிறது என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசை முன்பு சொன்னதேதான். ஒன்றாம் எண்ணில் டோரண்ட் கோப்பை (எதை இறக்குவது என்று சொல்லும் சிறிய கோப்பு) திறந்து முழுதும் இறக்கி, மற்றவற்றுக்குக் கொடுத்தபடி, அதாவது சீட் செய்தபடி, விடுங்கள். பிறகு அதே டோரண்ட் கோப்பை மற்றவற்றில் திறங்கள். ஆளுக்கொரு பக்கம் கையில் வைத்துக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் எழுதிக்கொள்கிற பரீட்சைக் குறிப்பு போல, துண்டுகள் எல்லாப் பக்கமும் ஓடும். துண்டுகளைக் கொடுத்து வாங்கும் கணினிகளைக் காட்டும் பியர்ஸ் பட்டியலில் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தெரிந்தால் அவை நம் அறைக் கணினிகள்.

ஒரு துண்டு கெட்டிருந்தால் கியூபிட்டோரண்டே அதை நிராகரித்துவிடும். ஆனால் டோரண்ட் கோப்பே போலியாக இருந்தால் அது போலியைத்தான் ஒழுங்காக இறக்கிக் கொடுக்கும். அதனால் டோரண்ட் கோப்பை மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்ததைத் திறக்காதீர்கள். இறக்கி முடித்ததும் கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண்ணையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் செயலியை நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து அந்த எண்ணை வாங்கலாம். தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் திரையைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார்; படிவம் மூன்று மாணவர்களுக்கு இது விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பயிற்சித் தாள்களும் வகுப்பு வீடியோக்களும் சேர்ந்து பெரிதானபோது நாங்களே ஒரு டோரண்ட் செய்தோம். டூல்ஸ் மெனுவில் டோரண்ட் கிரியேட்டர் இருக்கிறது. கோப்புறையைக் காட்டி, உடனே சீட் செய் என்பதில் டிக் போட்டு, ‘பிரைவேட்’ என்பதில் டிக் இல்லாமல் விடுங்கள். பிரைவேட் என்று குறித்தால் அறைக்குள் கண்டுபிடிக்கும் வசதி வேலை செய்யாது. பிரைவேட் இல்லை என்பதால் அதை வெளியாரும் இறக்க முடியும் என்று நினைவில் வையுங்கள். பிள்ளைகளின் பெயர், மைகார்ட் (அடையாள அட்டை) எண், மதிப்பெண் எதையும் அதில் சேர்க்கவே கூடாது.

பழைய நான்கு கணினிகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எங்கள் 12 கணினிகளில் நான்கு பெட்டிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. அவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டோம். அதற்கான கோப்பை டோரண்டில் ஒருமுறை இறக்கி, ஒரே பென்டிரைவில் எழுதி நான்குக்கும் பயன்படுத்தினோம். அன்றாட அப்டேட்டுகளில் மின்ட்டுக்கு இந்தப் பகிர்வு கிடையாது. அதனால் நான்கில் ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவி, மற்ற மூன்றும் அதன் 3142 போர்ட் வழியாக வாங்கும்படி வைத்திருக்கிறோம். இது கணினிகள் ஒன்றுக்கொன்று நேராகக் கொடுக்கும் பியர்-டு-பியர் முறை இல்லை, நடுவில் ஒரு கிடங்கு. அந்த ஒன்று அணைந்திருந்தால் மற்றவை வாங்க முடியாது. ஆனாலும் வெளியிலிருந்து ஒருமுறைதான் இறங்கும்.

மாலையில் இடி இடிக்கும் மாதங்களில் ரவுட்டரை மின்சாரத்திலிருந்து கழற்றச் சொல்லிவிடுவேன். பாதியில் நின்றதைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸும் கியூபிட்டோரண்டும் நின்ற துண்டிலிருந்தே தொடரும். மறுநாள் முதலில் ஒன்றாம் எண்ணைத்தான் ஆன் செய்ய வேண்டும்.