பழைய அம்பாசடர் பெட்ரோல் டேங்க்: துருவும் கசடும் போக சுத்தம் பண்றது எப்படி

ரொம்ப நாள் ஷெட்லயே நின்ன பெட்ரோல் அம்பாசடர வெளிய எடுத்தா கொஞ்ச தூரம் நல்லா போகும், அப்புறம் இழுவை கொறஞ்சு திக்கித் திக்கி நின்னுடும், பத்து நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். இதுக்கு நிறைய பேர் கார்புரேட்டரத்தான் கழட்டி கழுவுறாங்க, ஒரு வாரத்துல திரும்ப அதே கதை. கோளாறு பின்னாடி டேங்க்ல இருக்குங்க. வண்டி ஓடும்போது பம்ப் உறிஞ்சுற வேகத்துல துருவும் கசடும் பெட்ரோல் எடுக்குற குழாய் வாயில போய் அப்பிக்கும், இன்ஜின் நின்னதும் அது கீழ உதிர்ந்துடும், அதனாலதான் கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாகுது.

டேங்க இறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. வண்டி திக்கி நின்ன உடனே டேங்க் மூடியத் திறங்க. உஸ்ஸுனு காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டா, மூடியில இருக்குற காத்து ஓட்டை அடைச்சிருக்குனு அர்த்தம், அத குத்தி விட்டாலே வேலை முடிஞ்சுது. சத்தம் வரல, ஃபில்டர் செங்காமட்டி நிறத்துல இருக்கு, மூடியத் திறந்தா பெட்ரோல் வாசனைக்கு பதிலா வார்னிஷ் நாத்தம் அடிக்குதுன்னா டேங்க்ல கை வச்சே ஆகணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தயும் இழுக்கும், அளவு மீறினா தண்ணியோட சேந்து தனியா பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும், துரு அங்கேர்ந்துதான் கிளம்பும். அதுமட்டும் இல்லாம வருஷக்கணக்கா சுவத்துல ஒட்டிக் கிடந்த பிசின எத்தனால் கரைச்சு லைனுக்குள்ள அனுப்பிடும். 2015லயும் 2023லயும் சென்னை வெள்ளத்துல முங்கின வண்டின்னா கேக்கவே வேணாம், சேறு வரைக்கும் உள்ள இருக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு இத தாண்டிப் போகாதீங்க. ரொம்பின டேங்க விட காலி டேங்க்தான் ஆபத்து. பத்திக்கிறது பெட்ரோலோட ஆவி, காலி டேங்க்ல அது காத்தோட சரியான அளவுல கலந்து வெடிக்க ரெடியா நிக்கும். அந்த ஆவி காத்த விட கனம், அதனால மெக்கானிக் குழியிலயும் தரையிலயும் படிஞ்சு தள்ளி இருக்குற அடுப்பு வரைக்கும் போகும். அதனால வேலைய திறந்த வெளியில பண்ணுங்க, பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டுங்க, பக்கத்துல சாமி விளக்கு, பீடி, கிரைண்டர், சாதா ஃபேன் எதுவும் வேணாம். தீயணைப்பு பவுடர் சிலிண்டர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். உள்ள பாக்க எல்இடி டார்ச், அதுவும் வெளியில இருந்தே அடிங்க. பெட்ரோல வாயால உறிஞ்சி இறக்கவே இறக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போனா உசுருக்கே ஆபத்து, கையால அமுக்குற ரப்பர் பம்ப் கடையில கிடைக்குது. இறக்குறத மூடி போட்ட இரும்பு கேன்ல புடிங்க, பிளாஸ்டிக் பக்கெட்ல ஸ்டேடிக் பொறி வரலாம். அந்த பழைய பெட்ரோல சாக்கடையில ஊத்தாதீங்க, பழைய ஆயில் எடுக்குற ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.

அம்பாசடர் டேங்க் 54 லிட்டர், டிக்கி தளத்துக்கு அடியில தொங்கும். முதல் நாள் ராத்திரியே போல்ட்டுகளுக்கு டபிள்யூடி 40 அடிச்சு வச்சா மறுநாள் உடையாம வரும். வண்டிய ஜாக்கி மேல மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. ஹோஸ், வயர் எல்லாத்தயும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. வெளிய ஒட்டியிருக்குற மண்ண துடைச்சிட்டு அப்புறமா பெட்ரோல் அளவ மீட்டருக்கு சொல்ற ஃப்ளோட்ட (மிதவைய) கழட்டுங்க, அத பிடிச்சிருக்குற ரிங்க தட்டுறதுக்கு பித்தளைத் துண்டு இல்லன்னா கட்டை வச்சுக்கோங்க, இரும்பால இரும்ப தட்டினா பொறி பறக்கும். ஃப்ளோட்ட காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் தளும்புனா அது ஓட்டை, மீட்டர் எப்பவும் கம்மியாவே காட்டும்.

முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட் சோப்பும் வெந்நீரும் ஊத்தி நல்லா குலுக்கி கொட்டுங்க, பெட்ரோல் வாசனை சுத்தமா போற வரைக்கும் திரும்பத் திரும்ப. அதுக்கப்புறம்தான் உள்ள இரும்பு போடலாம். சில பேர் நட்டு போட்டு குலுக்குவாங்க, எனக்கு அது பிடிக்காது, டேங்க் உள்ள தடுப்புத் தகடு இருந்தா அதுக்குப் பின்னால போய் மாட்டிக்கும். மெல்லிசான சங்கிலி ஒண்ணு போட்டு, ஒரு முனைய வெளிய கம்பியில கட்டிட்டு, சோப்புத் தண்ணியோட சேத்து குலுக்குங்க, இழுத்தா முழுசா வந்துடும். ஆள் ரெண்டு பேர் வேணும், கீழ பழைய கம்பளி போட்டுக்கோங்க.

மிச்சம் இருக்குற துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம் கணக்குல வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, ஓட்டைகள ரப்பர் அடைப்பால மூடி, டேங்க் வாய் வரைக்கும் ஊத்துங்க, முழு டேங்குக்கு கிட்டத்தட்ட 2.7 கிலோ ஆகும். வாய இறுக்க மூடாதீங்க, உள்ள வாயு உண்டாகும். ஒரு ராத்திரி விட்டா பெரும்பாலும் போதும், காலையில பாத்துட்டு இன்னும் துரு இருந்தா சாயங்காலம் வரைக்கும் விடுங்க. வேலை சீக்கிரம் முடியுதுன்னு டாய்லெட் கழுவுற ஆசிட் ஊத்துற வழக்கம் இருக்கு, வேணவே வேணாம், நல்ல தகட்டயும் வெல்டிங் மூட்டயும் சேத்து தின்னுட்டு போயிடும். பழைய டேங்க் தகட்டுல ஈயம் கலந்த பூச்சு இருக்கலாம், அதனால கிளவுஸ் போடுங்க, கழுவின தண்ணிய செடிக்கோ கிணத்துப் பக்கமோ ஊத்தாதீங்க.

கொட்டின உடனே ஆப்ப சோடா கரைச்ச தண்ணியால ஒரு தடவை, நல்ல தண்ணியால ரெண்டு தடவை. இதுக்கு அப்புறம் டீ குடிக்கப் போயிடக் கூடாது, ஈரமான வெறும் இரும்பு கண்ணு முன்னாடியே மறுபடி மஞ்சளா துரு பிடிக்க ஆரம்பிச்சிடும். தண்ணிய வடிச்சு, ப்ளோயரால காத்தடிச்சு, உச்சி வெயில்ல வாய் திறந்து வைங்க. நல்லா காஞ்சதும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல் அரை லிட்டர் ஊத்தி எல்லா பக்கமும் உருட்டி வடிச்சிடுங்க.

ஊசி ஓட்டை தெரிஞ்சா வீட்ல வெல்டிங் வைக்காதீங்க, டேங்க் வேலை பழகின ரேடியேட்டர் பட்டறையில குடுங்க. உள்ள பூசுற எபாக்ஸி சீலர் எத்தனால் தாங்கும்னு டின்ல போட்டிருந்தா மட்டும் வாங்குங்க, துரு மேலயே பூசினா உரிஞ்சு அதுவே லைன அடைக்கும்.

டேங்க ஏத்துறதுக்கு முன்னாடி பெட்ரோல் லைன ரெண்டு பக்கமும் கழட்டி காத்தடிங்க, பம்ப் மூடிக்கு அடியில இருக்குற வலையயும் கார்புரேட்டர் கிண்ணத்தயும் துடைங்க. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 னு அச்சடிச்சது எத்தனாலுக்கு தாங்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல உள்ள தெரியுற மாதிரி ஃபில்டர் ஒண்ணு போடுங்க, அம்புக்குறி பம்ப் பக்கம் பாக்கணும். ஃப்ளோட்டுக்கு புது கேஸ்கெட், எர்த் வயர மறந்தா மீட்டர் காட்டாது. முதல்ல அஞ்சு லிட்டர் மட்டும் ஊத்தி, அடியில காகிதம் விரிச்சு, ஒரு மணி நேரம் கசிவு இருக்கான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் டேங்க் பெட்ரோல் தீர்றதுக்குள்ள ஃபில்டர்ல கொஞ்சம் செம்பொடி சேரும், அது சகஜம், மாத்திடுங்க. ரெண்டாவது ஃபில்டரும் சீக்கிரமே செவந்தா எலுமிச்சை உப்பு இன்னொரு ராத்திரி ஊறணும்.