‘எந்த ஊருங்க?’ என்று தொடங்க வேண்டாம்: எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் அறிமுகமில்லாத இருவர் பேசத் தொடங்கினால், பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்டுவிடுவார்கள். ஊர் தெரிந்தால் எந்தத் தோட்டம் என்பதும், தோட்டம் தெரிந்தால் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பதும் வரிசையாக வந்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெளிவாகிவிடும். மரியாதையில் பிறந்த பழக்கம்தான் இது. ஆனால் பால்வினை நோய்த் தடுப்பு, எச்.ஐ.வி. தடுப்பு ஆகிய பணிகளுக்குக் களத்தில் இறங்கும் ஒருவர் இந்தப் பழக்கத்தோடு பேச்சைத் தொடங்கினால், அந்த உரையாடல் அந்த இடத்திலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில், நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை ஒன்றில், பாடி கட்டுவதற்காக வண்டியை விட்டுவிட்டு நிழலில் படுத்திருந்த ஓட்டுநர் ஒருவரிடம், “ஏனுங்கண்ணா, எந்த ஊருங்க?” என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்தேன். அவர் ஊரைச் சொன்னார். என் சின்னம்மாவைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. அந்தச் சந்தோஷத்தில் நானும் அதைச் சொல்லிவிட்டேன். அதுவரை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஆணுறைப் பொட்டலத்தை அவர் என் பையின் மேலேயே வைத்துவிட்டு, “எனக்கு எதுக்குங்க இதெல்லாம்” என்று எழுந்து போனார். அவருக்குப் புண் இருந்ததும், பேருந்து நிலையச் சுவரொட்டியைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் அறையெடுத்து உட்காரும் வைத்தியரிடம் அவர் போய் வந்ததும் பல வாரங்கள் கழித்து அவருடைய சக ஓட்டுநர் மூலம் தெரிய வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்திருக்கும் சிகிச்சை, நான் சொன்ன ஒரு உறவுமுறையால் அவருக்கு எட்டாமல் போனது.

இந்தப் பணியில் நடக்கும் பெரிய தவறுகளில் பெரும்பாலானவை நோயைப் பற்றிய அறியாமையால் வருபவை அல்ல என்பதே என் எண்ணம். பயிற்சி வகுப்பில் எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள். ஓர் ஆளை இன்னார் என்று காட்டிக்கொடுத்துவிடும் சின்னச் சின்ன அசட்டைகள்தான் வேலையைக் கெடுக்கின்றன. திட்டத்தின் பெயர் அச்சிட்ட பையோ எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பனோ தெரிய ஒருவர் வீட்டு வாசலில் நிற்பது அவற்றில் ஒன்று. நம்மிடம் வருபவர்களின் பெயர் விவரங்கள் அடங்கிய லைன் லிஸ்ட்டை நகலெடுக்க ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்று போன் பேசுவதும், அறிக்கைக்கு வேண்டுமே என்று கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களை முகம் தெரியப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதே வகைதான். கைப்பேசியில் எண்ணைச் சேமிக்கும்போது அடையாளத்துக்காகப் பெயருக்கு முன்னால், எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையைக் குறிக்கும் ‘ஏஆர்டி’ என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பேக்கரி மேசையில் போனை மல்லாக்க வைத்துவிட்டுத் தேங்காய் பன் தின்றுகொண்டிருக்கும்போது அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எதிரே இருப்பவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிடுவார்.

இது நாகரிகம் சார்ந்த விஷயம் மட்டுமில்லை, சட்டமும்கூட. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்பதும், அவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்பதும், தகவல்களைக் கையாளும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ மருத்துவ முகாம் நடத்தும்போது, “எல்லாருக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிடுங்கள், முடிவை ஆபீசில் கொடுத்துவிடுங்கள்” என்று மேலாளர் நல்ல மனதோடு சொன்னாலும், முகாம் கை நழுவிப் போய்விடுமே என்று அதற்குத் தலையாட்டிவிடக் கூடாது.

கணவருக்குத் தொற்று உறுதியானதும், மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதைப்பில் களப்பணியாளரே அந்த வீட்டுக்குப் போன் செய்துவிடுவதும் உண்டு. நோக்கம் நல்லது, செய்கை தவறு. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சிலர்) மட்டுமே கொடுத்திருக்கிறது. தன் வாயால் வீட்டில் சொல்ல அந்த மனிதருக்குத் துணை நிற்பதும், இருவரையும் சேர்த்து, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் கிடைக்கும் அரசு நம்பிக்கை மையத்துக்கு வரச் செய்வதும்தான் நம்முடைய பங்கு. அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். அந்த நாட்களில் ஆணுறை தவறாமல் பயன்படுத்தப்படுகிறதா என்பதைக் கவனிப்பது, நாம் போடும் எந்தப் போனையும்விடப் பயனுள்ளது.

பரிசோதனைக்கு அழைத்துப் போவதிலும் இதே கவனம் வேண்டும். மாத இலக்கை முடிப்பதற்காக நான்கு பேரை ஒரே ஆட்டோவில் ஏற்றி, அவர்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே கொண்டுபோய் இறக்குவது வழக்கமாகிவிட்டது. அந்த மருத்துவமனையில் சீட்டு எழுதுபவரில் தொடங்கிக் கட்டுக் கட்டுபவர் வரை யாராவது ஒருவர் தெரிந்தவராகத்தான் இருப்பார். திருப்பூரில் இருப்பவர் ஈரோட்டுக்கோ கோவைக்கோ போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், பேருந்துச் செலவு கூடுகிறதே என்று முகம் சுளிக்காமல் அனுப்பி வைக்க வேண்டும். எங்கே போனால் உங்களுக்கு வசதி என்று நாமே முதலில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது பேச்சு. சென்னையில் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட பிறகு வந்த ஆண்டுகளில் மருந்து என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாததால், ‘உயிர்க்கொல்லி’ என்ற சொல்லும் மண்டையோட்டுப் படமும் பிரசாரத்தில் இடம்பிடித்தன. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்த பின்னும், மேடையேறியவுடன் அதே மண்டையோட்டிலிருந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்துவரும் ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்று பரவுவதில்லை. இந்த ஒரு செய்தியை நம்பும்படி சொல்ல முடிந்தால், பரிசோதனைக்கு அஞ்சி ஒதுங்கி நிற்பவர் முன்வருவார். பயமுறுத்தல் அவரை இன்னும் ஒதுங்கத்தான் வைக்கும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் எல்லோரையும் ‘எய்ட்ஸ் நோயாளி’ என்பதும் இந்தப் பழைய பேச்சின் மிச்சமே. சிகிச்சை இல்லாமல் நோயெதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிப்போன கட்டம்தான் எய்ட்ஸ். தொற்றோடு நெசவும் விவசாயமும் பார்த்துக்கொண்டு நன்றாக வாழ்பவர்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

லாரித் தொழிலோடு சேர்த்து இந்த வட்டாரத்துக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. நாமக்கல் லாரிகள், சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் என்று இந்தியா முழுக்கச் சுற்றும் ஓட்டுநர்களிடம், “உங்களால்தான் பரவுகிறது” என்ற தொனியில் பேசினால் அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. தொற்று பரவுவது பாதுகாப்பற்ற உடலுறவால், தொற்றுள்ள இரத்தத்தால், ஊசியைப் பகிர்வதால், தாயிடமிருந்து குழந்தைக்கு. அது யாருடைய தொழிலையும் பார்த்து வருவதில்லை. ஓட்டுநர் என்றால் ஆபத்து, குடும்பப் பெண் என்றால் பத்திரம் என்று நாமே பிரித்துவிட்டால், கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத ஒரு பெண் தனக்குப் பரிசோதனை தேவை என்று நினைக்கவே மாட்டார்.

ஆணுறை விநியோகத்தில் எண்ணிக்கைதான் எதிரி. மாதக் கடைசியில் மிச்சமிருப்பதை ஒரே ஆளிடம் ஐம்பதாக நூறாகக் கொட்டிவிட்டுப் பதிவேட்டை நிரப்பும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செயல்விளக்கத்தை அவசரமாக முடிப்பதுதான் பெரிய நஷ்டம். காலாவதித் தேதியைப் பார்ப்பது, உறையை விரலால் அழுத்தி உள்ளே காற்று இருக்கிறதா என்று சோதிப்பது, பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழிப்பது, நுனியை இரு விரலால் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டு உருட்டி விடுவது, விந்து வெளியேறிய பின் விறைப்பு தளர்வதற்குள் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு எடுப்பது ஆகியவற்றை மர மாதிரியில் நாம் செய்துகாட்டினால் மட்டும் போதாது. அவர் கையால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் லாரி கேபினின் கண்ணாடிக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த உறை கிழியும். பலர் வசதிக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள், எண்ணெய் பட்டால் இரப்பர் பலவீனமாகும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடும் களப்பணியாளர், “ஆணுறை போட்டும் கிழிஞ்சு போச்சுங்க” என்று ஒருவர் வந்து நிற்கும்போது பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்.

அப்படி வந்து நிற்பவரை, “மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம்” என்று அனுப்பிவிடுவது மன்னிக்க முடியாத தவறு. தொற்று நேர்ந்திருக்கக்கூடிய சம்பவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுத்துக்கொண்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது. எனவே அவரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மறுபக்கம், போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் பரிசோதித்து ‘நெகட்டிவ்’ என்று வந்த சீட்டைக் காட்டி ஒருவர் நிம்மதியடைந்தால், அந்த நிம்மதிக்கு நாமும் துணை போகக் கூடாது. தொற்று பரிசோதனையில் தெரிவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும், எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி.யையே பேசிப் பேசி மேகப்புண்ணை மறந்துவிடுவது இன்னொன்று. மேகப்புண் என்னும் சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. மருந்து போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆறியது புண் மட்டுமே, கிருமி உள்ளேயே இருக்கிறது. தொடக்க நிலையில் பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தவணையாகப் போட்டால் குணமாகிவிடும் நோய் இது. துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுக்காவிட்டால் திரும்ப வந்துவிடும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா இளைஞர்களிடம் தமிழ்த் துண்டறிக்கையைக் கொடுப்பதன் பயனின்மை எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தீர்வாக, அவர்களை வேலைக்குக் கூட்டி வந்த கான்டிராக்டரையே மொழிபெயர்ப்புக்கு அமர்த்துவதுதான் வேடிக்கை. கூலி கொடுப்பவர் பக்கத்தில் நிற்க எந்தப் பையன் தனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறது என்பான்? அவர்களிலேயே ஒருவரைப் பயிற்றுவித்துச் சகக் கல்வியாளராக்க வேண்டும். அவரையும் எடுபிடியாக நடத்தக் கூடாது.

வேலையை விட்டுப் போகும்போது செய்யும் தவறு கடைசியாக வருகிறது. குறிப்பேட்டை வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போகாமல், முறையாக ஒப்படைத்து, கைப்பேசியில் உள்ள எண்களையும் அழித்துவிட வேண்டும். அதன் பிறகும் கல்யாண மண்டபத்திலோ மாரியம்மன் நோம்பியிலோ நம்மிடம் வந்துபோனவர்களைச் சந்திக்கத்தான் போகிறோம். அங்கே நாமாகப் போய்ப் பேசக் கூடாது. அவராக வந்து சிரித்தால் சிரிக்கலாம். பக்கத்தில் இருக்கும் பெரியவர், “இவரு உங்களுக்கு எப்படிங் பழக்கம்?” என்று கட்டாயம் கேட்பார். அதற்கு என்ன பதில் என்பதைப் பழக்கமான முதல் மாதத்திலேயே சம்பந்தப்பட்டவரோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். என்னைச் சிலர் இன்றும் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் என்றுதான் தங்கள் வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.